ஆழ்கடலையும் கடல் மாசையும் ஒரே படைப்பில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இதுதான்: ஆழ்கடலையும் அதில் சேரும் மாசையும் பற்றி ஒரு கலப்பு ஊடகப் படைப்பைச் செய்ய வேண்டும். கான்வாஸில் அக்ரிலிக், அதன்மேல் கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக், எல்லாவற்றையும் மூடி, ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் ரெசின் என்று ஒரு திட்டம் இருக்கிறது. எங்கே தொடங்குவது, பிரச்சாரமாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, ரெசின் ஊற்றலாமா?

ரெசினைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். திட்டத்திலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிடலாம். கடற்கரையில் கிடக்கும் குப்பை வேறு, ஆழ்கடலில் கிடக்கும் குப்பை வேறு. கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் மிதந்து வந்தது. வெயிலில் வெளுத்து, அலையில் உருண்டு முனை மழுங்கி, தொட்டால் உதிரும் பதத்தில் இருக்கும். ஆழத்தில் வெயிலும் இல்லை, அலையும் இல்லை. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் வேலையை அதிகம் செய்வது புற ஊதா ஒளிதான். அது அங்கே எட்டுவதே இல்லை. 2019இல் ஜப்பானின் போசோ தீபகற்பத்துக்கு அப்பால், ஏறக்குறைய 6,000 மீட்டர் ஆழத்தில் ஓர் உணவுப் பொட்டலத்தின் உறையை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அது 1984இல் தயாரானது என்பதை உறையில் இருந்த அச்செழுத்தைப் படித்தே தெரிந்துகொண்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் எழுத்து அழியவில்லை. வெளுத்த மூடிகளையும் உடைந்த செருப்புகளையும் ஒட்டி அதற்கு ‘ஆழ்கடல்’ என்று பெயர் வைத்தால், நீங்கள் காட்டுவது கரையைத்தான்.

ஆகவே தூரிகையை எடுப்பதற்கு முன் எந்த ஆழம் என்பதைத் தீர்மானியுங்கள். பொதுவாக ‘ஆழ்கடல்’ என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கைக்கு வருவது நீல வண்ணமும் நான்கு மீனும்தான். உண்மையில் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் கிடையாது. அங்கிருந்து 1,000 மீட்டர் வரை மங்கலொளி மண்டலம். அதற்கும் கீழே சூரியன் என்பதே இல்லை. கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் உயரமுள்ள ஒரு நீண்ட தாளில் 1 சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று அளவு வைத்தால், நாம் வழக்கமாக வரையும் நீலக் கடல் மேலே முதல் 10 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். 50 சென்டிமீட்டரில் கடைசி வெளிச்சமும் தீர்ந்துவிடும். சராசரிக் கடல்தரை 185ஆவது சென்டிமீட்டரில் வரும். கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடியைத் தொட வேண்டுமானால் தாள் சுவரை விட்டிறங்கித் தரையில் இன்னும் மூன்றரை மீட்டர் ஓட வேண்டும். இந்த ஒரு கணக்கே உங்கள் படைப்பின் வடிவத்தைத் தீர்மானித்துவிடும். அகலமான கான்வாஸை விடுங்கள். ஒடுக்கமாக, உயரமாக, சுருளாகச் செய்யுங்கள்.

நிறத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. பத்து மீட்டர் இறங்கினாலே சிவப்புப் பொருள் மங்கிய பழுப்பாகத் தெரியத் தொடங்கிவிடும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது நீலம். அதனால்தான் ஆழத்தில் வாழும் பல இறால்களும் ஜெல்லி மீன்களும் சிவப்பாக இருக்கின்றன. சிவப்பு ஒளியே இல்லாத இடத்தில் சிவப்பு உடல் கறுப்பாகிவிடும். சில மீன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தோலில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமித் துகள்களைக் கொண்டு மேலே விழும் ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. 2020இல் வெளியான ஆய்வு இவற்றை ‘மீக்கறுப்பு’ மீன்கள் என்றே வகைப்படுத்தியது. இவற்றுக்கு நடுவே உயிர்களே உண்டாக்கும் ஒளி உண்டு. அதில் பெரும்பகுதி நீலமும் நீலப்பச்சையும்தான். வானவில் நிறங்களில் ஒளிரும் ஆழ்கடல் ஓவியங்கள் அழகாக இருக்கலாம், ஆனால் அது பொம்மைக் கடை.

இந்த இருட்டை முதலில் வரைந்தவர்களின் கதை உங்களுக்கு உதவும். 1930 முதல் 1934 வரை உயிரியலாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடாவுக்கு அருகே ஓர் எஃகுக் கோளத்துக்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கினார்கள். 1934 ஆகஸ்டில் 923 மீட்டரைத் தொட்டார்கள். குவார்ட்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததைப் பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் குளோரியா ஹோலிஸ்டர் எழுதிக்கொண்டார். ஓவியர் எல்சே போஸ்டல்மான் அந்தக் குறிப்புகளையும் பீபியின் விவரிப்பையும் வைத்துக் கறுப்புப் பின்னணியில் மீன்களை வரைந்தார். தான் பார்க்காத ஒரு வெளியை, சொல்லக் கேட்டு வரைந்த ஓவியங்கள் அவை. நமக்கும் நிலைமை அதுதான். ஆழ்கடலை வரைபவர்களில் அநேகமாக யாருமே அங்கே போனதில்லை. அதனால் உங்கள் படத்திலும் தெரிந்தது கொஞ்சமாகவும் தெரியாத இருட்டு நிறையவும் இருப்பதே நேர்மை. காலி இடத்தை நிரப்பத் துடிக்கும் கையை அடக்குவதுதான் இந்தப் படைப்பில் கடினமான வேலை.

இனி மாசு. ஜப்பானின் கடல் ஆய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக்கின் ஆழ்கடல் படத்தொகுப்பை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆழ்கடல் ஆய்வுக் கலங்களின் 5,010 முக்குளிப்புகளின் பதிவுகளில் மனிதர் போட்ட பொருள்கள் 3,425 தென்பட்டன; மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக். 6,000 மீட்டருக்குக் கீழே போனால் அந்தப் பங்கு பாதிக்கு மேல் ஏறுகிறது. மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் 1998இலேயே ஒரு பிளாஸ்டிக் பை படத்தில் பதிவாகியிருக்கிறது. 2020இல் அதே அகழியிலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் ஆம்ஃபிபாட், அதாவது இறாலின் உறவுக்காரச் சிற்றுயிர், தன் குடலில் பெட் பாட்டில் வகைப் பிளாஸ்டிக் இழையோடு கிடைத்தது. விஞ்ஞானிகள் அதற்கு யூரித்தனிஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயரிட்டார்கள். ஓர் உயிரினம் உலகுக்கு அறிமுகமாகும்போதே பிளாஸ்டிக்கின் பெயரைச் சுமந்துகொண்டு வருகிறது. எந்தப் பிரச்சாரப் பலகையும் இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது.

இவையெல்லாம் கீழே போய்ச் சேரும் வழியில்தான் உங்களுக்கான கரு இருக்கிறது என்பது என் எண்ணம். மேலே வாழும் உயிர்களின் கழிவும் இறந்த உடல்களின் துணுக்குகளும் சளியும் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் கீழே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கடற்பனி என்று இதைச் சொல்வார்கள். ஆழத்தில் வாழும் பல உயிர்களுக்கு இதுதான் சாப்பாடு. பெயரிலேயே ரத்தக்காட்டேரியை வைத்திருக்கும் வாம்பயர் கணவாய்கூட வேட்டையாடுவதில்லை. நீண்ட இழைகளை நீட்டி இந்தப் பனியைச் சேகரித்துத் தின்கிறது. நுண்பிளாஸ்டிக் இந்தப் பனியில் கலந்துதான் இறங்குகிறது. கலிஃபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் லார்வேசியன் என்ற சிற்றுயிர்கள் தம்மைச் சுற்றிச் சளியால் ஒரு வடிகட்டி வீட்டைக் கட்டிக்கொள்கின்றன. பெரிய இனங்களில் அந்த வீடு ஒரு மீட்டர் அகலம்கூட வரும். அடைத்துப்போனதும் வீட்டை உதறிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டும்; பழையது அதில் சிக்கிய பிளாஸ்டிக் துகளோடு மூழ்கும். அதே விரிகுடாவில் 2019இல் வெளியான ஆய்வில், நுண்பிளாஸ்டிக் அதிகம் இருந்தது மேற்பரப்பில் அல்ல, 200 முதல் 600 மீட்டர் வரையிலான நீரில். ஆக, மாசு என்றால் குவியல் என்ற படத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆழ்கடலில் அது உதிர்வது. உணவோடு உணவாக, வேறுபாடு தெரியாமல்.

இதனால்தான் பாட்டில் மூடிகளால் செய்த ஆமையையும் பைகளால் செய்த திமிங்கலத்தையும் நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பார்த்தவுடன் புரிந்துவிடும், புரிந்தவுடன் பார்வையாளர் நகர்ந்துவிடுவார். விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் உள்ள எருப் தீவுக் கலைஞர்கள், கடலில் கைவிடப்பட்ட பேய் வலைகளைப் பிரித்துப் பின்னி ஆமைகளையும் மீன்களையும் செய்கிறார்கள். அங்கே வலைதான் ஆமையைப் பிடிக்கிறது, அதே வலைதான் ஆமையாகவும் ஆகிறது. பொருளுக்கும் உருவத்துக்கும் ரத்த உறவு இருக்கிறது. மூடிக்கும் ஆமைக்கும் அப்படி ஒன்றும் இல்லை. மாண்டி பார்க்கர் என்ற பிரிட்டன் புகைப்படக் கலைஞரின் படங்களையும் தேடிப் பாருங்கள். கடற்கரைகளில் கிடைத்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கறுப்பு வெளியில் மிதப்பதுபோல் அடுக்குகிறார்; முதலில் நட்சத்திரக் கூட்டமோ மிதவை உயிர்களோ என்று தோன்றும், அருகே போனால்தான் அது பொம்மைக் கால் என்று தெரியும். அந்தத் தாமதம்தான் கலை. மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய, கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பவளப்பாறையும் அப்படித்தான். பிளாஸ்டிக் பைகளை நாடாவாக வெட்டி நூல்போல் பின்னிய பகுதிகள், கம்பளி நூல் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்து நிற்கின்றன.

பொருள்களுக்கு வருவோம். கடற்பனிக்கும் குப்பைக்கும் என் முதல் தேர்வு சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த அச்சுமுறை அது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து வெயிலில் பதித்துப் புத்தகமாக்கினார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலையும் சம அளவில் கலந்து, மங்கலான வெளிச்சத்தில் பருத்தித் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் ஒளி பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். இதில் கடற்பாசிக்குப் பதில் ஒரு மெல்லிய பையைக் கசக்கி வையுங்கள். ஒற்றைப் படலம் ஒளியை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிடும், அதனால் அந்த இடம் பின்னணியோடு கலந்துபோகும். மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் இரண்டு மூன்று படலம் சேர்ந்து வெளிறிய கோடுகள் எழும். பையின் கைப்பிடிகள் இரண்டு தொங்கும் இழைகளாக நீளும், அடித்தையல் ஒரு விளிம்பாகச் சுருங்கும். ஜெல்லி மீனை நீங்கள் வரையவே வேண்டாம், பை தானாக அப்படித்தான் நிற்கும். நுண்ணிய துணுக்குகளைத் தூவினால் கடற்பனி. அந்தத் துணுக்குகளில் எது உப்பு, எது மணல், எது பிளாஸ்டிக் என்று அச்சில் பார்த்துச் சொல்ல முடியாது, அதுதானே விஷயம்.

கீழே போகப் போக நீலத்தைக் கறுப்பாக்க வேண்டும். குழாயிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே பூசினால் சுவரில் ஓட்டை போட்டதுபோல் செத்துக் கிடக்கும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் சேர்த்து, நீர்த்த பல அடுக்குகளாக ஏற்றுங்கள். கடைசி ஒன்றிரண்டு அடுக்குக்கு மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு. ஆழ உணர்வுக்கு இன்னொரு வழி, தாளுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு மெல்லிய பட்டுத்துணியை இரண்டு மூன்று திரையாகத் தொங்கவிடுவது. ஒவ்வொரு திரையிலும் சில துகள்களைத் தைத்துவிட்டால், பார்வையாளர் நகரும்போது பனி நகரும்.

இந்த இடத்தில்தான் ரெசினை நான் எதிர்க்கிறேன். அதுவும் பிளாஸ்டிக்தானே என்ற தர்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். கைவினைக் காரணமே போதும். ரெசின் பளபளக்கும், பளபளப்பு அறையின் விளக்கையும் பார்ப்பவரின் முகத்தையும் திருப்பிக் காட்டும். அந்தக் கணமே உங்கள் 4,000 மீட்டர் இருட்டு மேசைக் கண்ணாடியாகிவிடும். போகப் போக மஞ்சளும் பாயும். எபாக்ஸி வகை ரெசின் இறுகுவதற்கு முன் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகலாம், ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் போகாது. மாதிரிக் குப்பிபோல் ஒரு துணுக்கை அடைத்துக் காட்ட வேண்டும் என்றால் சிறிதளவு பயன்படுத்துங்கள். கடல் முழுவதையும் ஊற்ற வேண்டாம். மினுக்குத்தூளைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது.

அக்ரிலிக்கும் பிளாஸ்டிக் குழம்புதான். தூரிகையை அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால், எந்த மாசைப் பற்றிப் படம் செய்கிறீர்களோ அதையே அனுப்பிவைக்கிறீர்கள். தூரிகையை முதலில் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு அலசுங்கள். அந்த நீரை ஒரு வாளியில் சேர்த்து, அலுமினியம் சல்பேட்டும் பிறகு நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து கிளறினால் வண்ணத் திடப்பொருள் திரண்டு அடியில் படியும். தெளிந்ததை வடிகட்டி, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் சேர்க்கலாம். அந்த வண்டலையே கடல்தரையின் சேறாகப் பூசிக்கொள்ளவும் தடையில்லை, ஆனால் அதில் சுண்ணாம்பின் காரம் மிஞ்சியிருக்கலாம், சயனோடைப்பின்மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பொறுக்கும்போது கையுறை போடுங்கள். ஊசி, ரசாயன டப்பா, என்னவென்று தெரியாத திரவம் எதையும் தொடாதீர்கள். உயிருள்ள கொட்டலசோ முட்டையோ ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். செத்த ஓட்டின் தடத்தையும் வலைப்பின்னல்போல் படர்ந்த வெண்தோட்டையும் சுரண்டாதீர்கள்; மிதக்கும் பிளாஸ்டிக் மூழ்குவதற்கு இப்படிப் படரும் உயிர்களின் எடையும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பல முறை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். உப்பு மிஞ்சினால் ஈரத்தை இழுக்கும், கம்பி துருப்பிடிக்கும்.

ஊறவைக்கும் வாளியே ஒரு சோதனைக்கூடம். பைகளும் மூடிகளும் செய்யப்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். பெட், பிவிசி, நைலான் இழைகள் மூழ்கும். மிதந்ததைச் சுருளின் மேல் பகுதிக்கும், மூழ்கியதை ஆழத்துக்கும் ஒதுக்குங்கள். எது எங்கே என்ற தலைவலியைப் பொருளின் அடர்த்தியே தீர்த்துவைக்கும். இன்னொரு பயனும் உண்டு. பைகளை இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் மிதமான சூட்டில் இணைக்கலாம், ஆனால் மூழ்கியது எதையும் சூடாக்காதீர்கள். பிவிசி சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தெர்மகோல் மிதந்தாலும் அதுவும் விலக்கு. மிதந்தவற்றிலும் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது, ஆகவே ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள். ஒட்டுவதைப் பொறுத்தவரை, பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, சில மாதங்களில் உரிந்து விழும். ஊசியால் துளைத்துத் தைப்பதும் நைலான் நரம்பால் கட்டுவதும்தான் நிலைக்கும். கட்டும் நரம்பே கைவிடப்பட்ட மீன்பிடி வலையிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. பசிபிக் பெருங்கடலின் பெரிய குப்பைத் திட்டில் எடைக் கணக்கில் 46 சதவீதம் வலைகள்தான் என்று 2018 ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

காட்சிக்கு வைக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். ஆழப் பகுதியில் ஓர் உயிரினத்தை ஒளிராத சாதாரணச் சிவப்பில், கறுப்புப் பின்னணியில் வரையுங்கள். அதைச் சுற்றி மீனவர்கள் பயன்படுத்தும் பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சைக் கயிற்று இழைகளைத் தையுங்கள். அறையை இருட்டாக்கி நீல எல்ஈடி மட்டும் போடுங்கள். சிவப்பு உயிர் கடலில் மறைவதுபோலவே மறைந்துவிடும். இழைகளில் இருக்கும் ஒளிரும் சாயம் நீலத்தை வாங்கிக்கொண்டு எரியும். பார்வையாளர் கையில் ஒரு சிறிய வெள்ளை டார்ச்சைக் கொடுத்தால் அவரே தேடி அந்த உயிரைக் கண்டுபிடிப்பார். இழை ஒளிர்கிறதா என்று வாங்குவதற்கு முன் அதே விளக்கில் சோதித்துவிடுங்கள், எல்லாக் கயிறும் ஒளிராது.

மற்ற நேரங்களில் படைப்பு வெயில் படாத இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். கரைப் பிளாஸ்டிக் ஏற்கெனவே நொறுங்கத் தொடங்கியது. திறந்துவைத்தால் உதிரும் துகள் மறுபடியும் காற்றிலும் நீரிலும்தான் சேரும். சயனோடைப் காரத்தைத் தாங்காது, அதன் பின்னட்டைக்குக் காரம் ஏற்றாத நடுநிலைத் தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

பிரச்சாரம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். அது பெரும்பாலும் தலைப்பிலும் குறிப்பு அட்டையிலும்தான் நுழைகிறது. ‘கடலைக் காப்போம்’, ‘அழும் ஆழி’ போன்ற பெயர்களை வைக்காதீர்கள்; ஓர் ஆழத்தை எண்ணாக மட்டும் வையுங்கள். அட்டையில் ‘ஊடகம்’ என்ற இடத்தில் பருத்தித் தாள், இரும்பு உப்புகள், பட்டு, பை, வலை, ஒவ்வொன்றும் எந்தக் கரையில் எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அக்ரிலிக் பூசியிருந்தால் அதையும் அதே வரிசையில் சேருங்கள்.